கால் பார்த்தது: 11

காட்பாடிக்காரன்:

1998. அர்ப்பணிப்புக் கூட்டத்தில் கை தூக்கி ஊழியத்துக்கு (கிறிஸ்தவ சபை வேலைக்கு) வந்து எட்டு மாசம். ஊழியம்னா கையில் மைக், பின்னால் கீபோர்டு என்று நினைத்திருந்த வயசு. எங்கள் ஆயர் (சபைப் போதகர்) என்னைக் குடியாத்தம் ரோட்டில் ஒரு கிராமத்துக்கு வீடு சந்திக்க அனுப்பினார். "பேசாம உக்காந்துட்டு வா" என்றார். எனக்கு வராதது அது ஒன்றுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு ஆயா வழி காட்ட வந்தார். தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி ரொம்ப வருஷம் ஆனவர். தக்காளி விலையைத் திட்டிக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். வாசலில் செருப்பை உதறினால் ஒரு செருப்பு மட்டும் காலை விட்டு வரவில்லை. சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்து, செருப்பையும் உள்ளங்காலையும் சேர்த்துத் தைத்திருந்தது. வழியில் ஒரு இடத்தில்கூட அவர் நொண்டவில்லை.

நான் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன். "ஜெபம் அப்பால பண்ணிக்கலாம் நைனா, மொதல்ல முள்ளைப் புடுங்கு" என்றார்.

நோய் விரலைத் தின்றுவிடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அப்படி இல்லை. நரம்பு செத்து வலி போய்விடுகிறது. வலி இல்லாத காலை முள்ளும் நெருப்பும் எலியும் பார்த்துக்கொள்கின்றன. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் ஊருக்கெல்லாம் சொன்னார். கிருமி செத்தாலும், நாள்பட்டுப் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அதுதான் வேலை. பச்சைத்தண்ணியில் காலை ஊற வைக்கணும். சொரசொரப்பான கல்லால் தடித்த தோலைத் தேய்க்கணும். ஈரம் காயும் முன் எண்ணெய் தடவணும். ஆயாவுக்கு விரல் மடங்கிப்போய்க் கல் பிடிக்க வராது, கண்ணும் மங்கல். "எனக்கு வலிச்சா உன்ன ஏன் பாக்கச் சொல்றேன்?" என்பார். அக்கம்பக்கத்தில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள்.

மாத அறிக்கையில் மூன்று கட்டம்: சந்தித்த வீடு, கொடுத்த கைப்பிரதி, ஞானஸ்நானம். கீழே நானே பேனாவால் எழுதினேன்: கால் பார்த்தது, 11. கமிட்டியில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். ஆயர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

(இயேசு சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்து, பெரிய வியாழன் ஆராதனையில் 12 பேரின் காலைக் கழுவுவார்கள். அந்த 12 பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?)

குடியாத்தம் பேத்தி:

அண்ணா, அந்த ரோட்டுக்குப் பழைய கதை உண்டு. சி.எம்.சி.யை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1909 வாக்கில் கார் வைத்துக்கொண்டு அந்த வழியில்தான் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி மருந்து கொடுத்தார். எங்கள் பாட்டி பிற்காலத்தில் பைபிள் அம்மாவாக (பெண்களைத் தேடிப்போய் வசனம் சொல்லும் சபை ஊழியர்) வேலை செய்தவர். பீடி சுற்றும் பெண்களோடு உட்கார்ந்து, இலை வெட்டிக்கொண்டே எழுத்துச் சொல்லிக்கொடுப்பாராம். வசனம் சொன்னதைவிட நோட்டீசும் ரேஷன் கார்டும் படித்துக் காட்டினதுதான் அதிகம் என்று சிரிப்பார்.

ஆற்காடு:

எங்கள் சபையிலும் அப்படி ஒரு தாத்தா இருக்கார். எம்.சி.ஆர். செருப்பு (உணர்ச்சி போன காலுக்கான மெத்து ரப்பர் செருப்பு) வாங்கித் தரலாம்னு இருக்கோம். அதைப் போட்டால் தொழுநோய்க்காரர்னு தெரிஞ்சு பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகுதாம், வேண்டாம்கிறார். என்ன பண்றது?

காட்பாடிக்காரன்:

இப்போ சாதாரணச் செருப்பு மாதிரியே வெளித்தோற்றத்தில் தைக்கலாம் தம்பி. உள்ளே மெத்து ரப்பர் இருக்கணும், பின்னால் வார் இருக்கணும் (கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது), ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வேலூர் பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் தைக்கிறார்கள். நீங்களாக அளவு சொல்லி வாங்கி வராதீர்கள், தாத்தாவையே கூட்டிப்போங்கள். நிறம் அவர் சொல்லட்டும்.