ஆறு நிமிஷம் பூட் ஆகுற சிஸ்டம்: ஃபார்மட் அடிக்கவா, எஸ்எஸ்டி போடவா?

தக்கலை அக்கா
எங்க வீட்டு சிஸ்டம் 2014ல வாங்குனது. ஐ3 நாலாம் ஜெனரேஷன், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இப்பம் விண்டோஸ் 10 ஓடுது. சுவிட்ச் போட்டுட்டு அடுப்புல சாயாவுக்கு தண்ணி வச்சு, இறக்கி, குடிச்சு முடிச்ச பெறவுதான் எக்செல் திறக்குது. அப்பா ரப்பர் ஷீட் கணக்கு முழுக்க அதுலதான் எழுதுவாரு, பொண்ணோட சின்ன வயசு போட்டோவும் அதுக்குள்ளதான் கெடக்கு. ஒரு கடையில காட்டினோம், இனி இது தேறாது புதுசு எடுங்கன்னுட்டாங்க. புதுசுதான் எடுக்கணுமா?

மார்த்தாண்டம் சர்வீஸ்காரன்
புதுசெல்லாம் வேண்டாம்கா. ஒரு ஃபார்மட் அடிச்சு, அதாவது டிஸ்க்க முழுசா அழிச்சு, விண்டோஸை புதுசா போட்டா பழைய ஓட்டம் வந்துரும். இத்தனை வருஷமா ஏத்துன சாஃப்ட்வேர், ஒண்ணுக்கு ரெண்டா ஆன்டிவைரஸ், சுவிட்ச் போட்டதும் தானா எந்திரிச்சு நிக்கிற அப்டேட்டர்கள், எல்லாம் சேந்துதான் இழுக்குது. காசில்லாத வழி இருக்கும்போ சாமான் வாங்குன்னு ஆளுங்கள தள்ளுறது எனக்கு புடிக்காது.

கொளச்சல் தம்பி
அண்ணே, ஃபார்மட் அடிச்சா ஓடும், எத்தனை மாசத்துக்கு? எங்க வீட்டுல ரெண்டு தடவை அடிச்சாச்சு, அப்டேட் எல்லாம் வந்து எறங்குனதும் பழைய கதைதான். அக்கா, கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், சிபியு பத்துக்குள்ள நிக்க டிஸ்க் மட்டும் 100ல நிக்கும் பாருங்க. ஹார்ட் டிஸ்க்ல தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது, அதாவது ஒரு சுத்துக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல, அதோட படிக்கிற ஹெட் இடம் மாறுற நேரம் வேற, ஆக அங்கங்க செதறிக் கெடக்குற சின்ன சின்ன ஃபைலை செகண்டுக்கு நூறு தடவை போய் எடுக்கதே பெருசு. எஸ்எஸ்டின்னா சில்லுலயே சேமிக்கிற டிஸ்க், அதுல சுத்துற தட்டே கெடையாது, ஆயிரக்கணக்குல எடுக்கும். நான் 240 ஜிபி போட்டேன், அதே பழைய சிஸ்டம் அரை நிமிஷத்துக்குள்ள வருது.

மார்த்தாண்டம் சர்வீஸ்காரன்
டிஸ்க் 100 காட்டுனா டிஸ்க்தான் குத்தவாளின்னு எப்பிடி முடிவு கட்டுத மக்கா? 4 ஜிபி ராம்ல ப்ரவுசர்ல பத்து டேப் திறந்தா இடம் பத்தாம விண்டோஸ் டிஸ்க்கையே ராம் மாதிரி ஓட்டும், அப்பமும் 100தான். பின்ன நம்ம ஊருல மழைன்னா கரண்ட் போயி போயி வரும். ஹார்ட் டிஸ்க் முக்கி முனகி சத்தம் காட்டித்தான் பெரும்பாலும் சாகும், எஸ்எஸ்டி நேத்து ஓடும் இன்னைக்கு சுவிட்ச் போட்டதும் வர்ற பயாஸ் திரையிலயே காட்டாது. அதுல அழிஞ்சத மீட்கதும் கஷ்டம், அழிச்ச ஃபைலோட இடத்த தானா காலி பண்ணுற ட்ரிம் ஓடிட்டா ஒண்ணும் மிஞ்சாது.

நாகர்கோவில் வாத்தியார்
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த போட்டோ வேற எங்கயாவது காப்பி இருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? என் சிஸ்டம் இதே மாதிரி மெதுவாச்சு, உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம், கடையில குடுத்தேன், ஒரு வார்த்த கேக்காம ஃபார்மட் அடிச்சுட்டாங்க. எங்க அம்மா உயிரோட இருக்கும்போ எடுத்த கடைசி படமெல்லாம் அதுல இருந்துச்சு. அதனாலதான் இத்தனை வேகமா சொல்லுறேன். தங்கச்சி, மொதல்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு டிஸ்க்கோட நெலமைய காட்டுற இலவச சாஃப்ட்வேர் போட்டு பாருங்க. செக்டர்னா டிஸ்க்ல டேட்டா இருக்குற சின்ன சின்ன துண்டு. ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போயி மாத்துனது), கரண்ட் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாம நிக்கிறது) இந்த ரெண்டு வரியில எண் ஏறி நின்னா அந்த டிஸ்க் சாகப் போகுது, சி டிரைவ்ல விண்டோஸோட செக் டிஸ்க் சோதனை கூட ஓட்டாதீங்க, அது டிஸ்க்கை இன்னும் வாட்டும். வெளி டிஸ்க் ஒண்ணு கடன் வாங்கியாவது போட்டோவ எடுங்க.

தக்கலை அக்கா
பாத்தேன் அண்ணே. மஞ்சள்ல காஷன்னு வந்துச்சு, பெண்டிங் செக்டர் சுழியம் இல்ல. மச்சான்கிட்ட வெளி டிஸ்க் வாங்கி ராத்திரி முழுக்க காப்பி போட்டோம், ஒரே ஒரு ஃபோல்டர் பாதியில நின்னுபோச்சு. இன்னொண்ணு, கேபினெட்டை திறந்தோம். பக்கத்துலதான் ஷீட் போடுற புகைப்புரை, ஃபேன் இதழ்ல கருப்பா பிசின் மாதிரி ஒட்டிக் கெடக்கு, ஊதுனா போவல, விரல் வச்சா ஒட்டுது.

கொளச்சல் தம்பி
எங்களுக்கு கடல் உப்பு, உங்களுக்கு புகை. ஃபேனை கழத்தி ஸ்பிரிட் தொட்ட துணியால துடைங்க, ப்ராசஸர் மேல சூட்ட கடத்த வச்சிருக்குற காஞ்ச பேஸ்ட்டை எடுத்துட்டு புதுசு வைங்க. சூடு ஏறுனா ப்ராசஸர் தானா வேகத்த கொறச்சுக்கிடும், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ராமை கழத்தி அந்த மஞ்ச காலை அழிரப்பரால மெல்ல தேய்ங்க.

மார்த்தாண்டம் சர்வீஸ்காரன்
செரி, டிஸ்க் கெட்டுப்போச்சுன்னா நான் மறுக்கல, ஃபார்மட் பேச்ச விட்டுட்டேன், எஸ்எஸ்டி போடுங்க. ஆனா பழைய விண்டோஸை அப்பிடியே நகலெடுத்து குளோன் பண்ணாதீங்க, செத்த செக்டர்ல இருந்த ஃபைலும் குப்பையும் சேந்து வரும், புதுசா போடுங்க. ராம் இன்னொரு 4 ஜிபி சேத்துக்கிடுங்க, டிடிஆர்3ன்னு கேட்டு வாங்கணும், டிடிஆர்4 அந்த ஸ்லாட்ல ஏறவே ஏறாது.

கொளச்சல் தம்பி
விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்தியாச்சு, விண்டோஸ் 11 எட்டாம் ஜெனரேஷனுக்கு கீழ உள்ள இன்டெல்லுக்கு கெடையாதுன்னுட்டான். விண்டோஸுக்கு பதிலா இலவசமா கெடைக்குற லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கக்கா.

மார்த்தாண்டம் சர்வீஸ்காரன்
அவங்க அப்பா எக்செல்லுல பழகுன மனுஷன், அறுவது வயசுக்கு மேல புதுசா எங்க படிக்க? லினக்ஸ்ல எக்செல் வராது.

நாகர்கோவில் வாத்தியார்
லிப்ரே ஆபீஸ் கால்க் அதே ஃபைலை திறக்கும். மின்ட்டை பென் டிரைவ்ல இருந்தே ஓட்டலாம், போடுறதுக்கு முன்னால அப்பா உக்காந்து ரெண்டு நாள் கணக்கு எழுதிப் பாக்கட்டும், அவரே சொல்லுவாரு. பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கடையில குடுத்துடாதீங்க தங்கச்சி, கழத்தி ஒரு டப்பாவுல போட்டு வைங்க. அந்த பாதி ஃபோல்டர்ல என்ன இருந்துச்சு?

தக்கலை அக்கா
பொண்ணு நடக்கப் பழகுன வீடியோ.

மார்த்தாண்டம் சர்வீஸ்காரன்
அக்கா, அந்த டிஸ்க்குக்கு இனி கரண்டே குடுக்காதீங்க. கழத்தி எடுத்து வைங்க. டிடிரெஸ்க்யூன்னு ஒரு மீட்பு சாஃப்ட்வேர் இருக்கு, நல்லா இருக்குற செக்டரை மொதல்ல எடுத்துட்டு கெட்டதுக்கு கடைசியா போகும். ஞாயித்துக்கிழம தக்கலைக்குத்தான் வாறேன், காசு வேண்டாம், நானே இருந்து எடுத்துப் பாக்கேன்.