தீவில் கோவொர்க்கிங் இடம் தேடுபவர்களுக்கு: மாதச் சந்தா கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெப்பமண்டலத் தீவொன்றில் அண்மையில் வந்திறங்கி, வெளிநாட்டு நிறுவனத்துக்காக இணையவழி வேலை பார்க்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, எந்தக் கோவொர்க்கிங் இடத்தில் (பலரும் பகிர்ந்து வேலை செய்யும் வாடகை அலுவலகத்தில்) சேரலாம் என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நாள் முழுவதும் தனியாக அமர்ந்து நிரல் எழுதுபவருக்குப் பொருந்தும் இடம், நாளுக்கு ஐந்து வீடியோ கால் பேசுபவருக்குப் பொருந்தாது. ஆகவே இடத்தைச் சொல்லாமல், நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். உங்கள் வேலை வாரத்தில் எந்த ஒரு மணி நேரத்தில் இணைப்பு அறுந்தால் உங்களுக்கு உண்மையாகவே சேதமோ, அந்த ஒரு மணி நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருடன் நடக்கும் வாராந்திரக் கூட்டமாக இருக்கலாம், இரவில் புதிய பதிப்பை வெளியிடும் நேரமாக இருக்கலாம். பார்க்கப்போகும் ஒவ்வொரு இடத்தையும் அந்த மணி நேரத்தை மனத்தில் வைத்தே எடைபோடுங்கள். நீச்சல் குளமும் தென்னை நிழலும் அதற்குப் பிறகு.

இந்த முறைக்கு நான் வந்து சேர்ந்தது பட்டறிவால். முதலில் சேர்ந்த இடத்தில் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள், அது உண்மையும்கூட. மூன்றாவது வாரம், காலாண்டு அறிக்கையை நான் திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. பத்து விநாடிக்குள் ஜெனரேட்டர் உறுமியது, மின்விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. இணையம் மட்டும் வரவில்லை. ரவுட்டர் சாதாரணச் சுவர் பிளக்கில் செருகப்பட்டிருந்ததால், அந்தப் பத்து விநாடியில் அதுவும் அணைந்து, மறுபடி எழுந்து, இணைய நிறுவனத்தின் இணைப்பைப் பிடிப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் மறுமுனையில் இருந்தவர்கள் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்பதில்லை. ரவுட்டரும் வைஃபை கருவிகளும் யுபிஎஸ்ஸில் (மின்சாரம் போன நொடியே பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவியில்) இருக்கின்றனவா என்றே கேட்கிறேன். வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், ரவுட்டர் இருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நன்றாக நடத்தப்படும் இடங்களில் தயங்காமல் காட்டுகிறார்கள். கூடவே, ஜெனரேட்டர் ஓடும்போது ஏசியும் ஓடுமா அல்லது விளக்கும் விசிறியும் மட்டும்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். மூடிய கண்ணாடி அறையில் ஏசி இல்லாத பிற்பகலை ஒருமுறை கழித்தவர்கள் இந்தக் கேள்வியை மறக்கமாட்டார்கள்.

இணைய வேகத்தைப் பொறுத்தவரை, விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் பதிவிறக்க வேகம்தான். நமக்கு வலிப்பது பதிவேற்ற வேகமும், தகவல் சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதமும். ஒரு நல்ல தரமான வீடியோ காலுக்கு மூன்று, நான்கு எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) போதும். ஆகவே தனி ஒருவருக்கு 200 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. அதே அறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் முகம் காட்டிப் பேசும்போது உங்கள் பங்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி. எனவே காலை எட்டு மணிக்குக் காலி அறையில் வேகத்தை அளந்து மகிழ வேண்டாம். கூட்டம் நிறைந்த நேரத்தில், நீங்கள் அமரப்போகும் மேசையிலேயே அளந்து பாருங்கள். அளக்கும்போது உங்கள் நிறுவனத்தின் சர்வர் இருக்கும் நாட்டை இலக்காகத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து ஊர் சர்வரைத் தொட்டுக் கிடைக்கும் எண் பெருமைக்குத்தான் உதவும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. தான் செல்லும். 10,000 கி.மீ. தொலைவில் இருக்கும் சர்வருக்குப் போய்வர, வேறு எந்தத் தடையும் இல்லாவிட்டால்கூட, 100 மில்லி விநாடி ஆகும். அதை எந்த இடமும் குறைத்துத் தர முடியாது. ஆனால் அந்தத் தாமதம் ஒரே சீராக இருக்கிறதா, நொடிக்கு நொடி குதிக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். குரல் உடைந்து உடைந்து கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் குதிப்புதான். ஐந்து நிமிடம் தொடர்ந்து பிங் (தகவல் போய்வரும் நேரத்தை அளக்கும் சிறு சோதனை) அனுப்பி, எண்கள் 180-க்கும் 195-க்கும் மில்லி விநாடிக்கு நடுவே நின்றால் மகிழ்ச்சி. 180-இலிருந்து 700-க்குத் தாவித் தாவி இறங்கினால் வேறு இடம் பாருங்கள். மேசையில் ஈதர்நெட் கேபிள் செருகும் வசதி இருந்தால், மற்ற குறைகள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

தீவு என்பதால் இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. தீவின் இணையம் பெரும்பாலும் கடலடிக் கேபிள் வழியாகத்தான் வெளியுலகை அடைகிறது. சில தீவுகளுக்குப் பல கேபிள்கள், சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது அந்நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. தலைநகர் இருக்கும் தீவுக்கு அது திரும்பக் கிடைக்க ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று, வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் சீராக 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாத் தீவுகளிலும் இப்படி நடக்கும் என்று அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைப்பு வாங்கியிருக்கிறோம் என்று ஒரு கோவொர்க்கிங் இடம் சொன்னால், அந்த இரண்டும் தெருவில் ஒரே கம்பத்தில் தொங்கி, கடலுக்கடியில் ஒரே கேபிளில் போகின்றனவா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன். மாற்று வழியாகச் செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருந்தால் அது எவ்வகை என்று கேளுங்கள். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், நீங்கள் கேட்டு முடித்த கேள்விக்கு அரை விநாடிக்கு மேல் கழித்தே பதில் வரும். மின்னஞ்சலுக்கு அது போதும், உரையாடலுக்குச் சரிப்படாது. ஸ்டார்லிங்க் போல சில நூறு கி.மீ. உயரத்தில் சுற்றுபவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எதுவாக இருந்தாலும், கனமழையில் சிக்னல் நலியும்.

மழை என்றதும் கூரை நினைவுக்கு வருகிறது. தகரக் கூரையின் கீழ் வெப்பமண்டல மழையைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஹெட்செட் மைக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மறுமுனைக்குப் போவது இரைச்சல்தான். கூரை எதனால் வேயப்பட்டிருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். மேலே தகரம் என்றால், கால் பேசுவதற்கான தனி அறைகள் உள் கட்டடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த அறைகளுக்குள் நீங்களே போய்க் கதவைச் சாத்தி, கால் மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். படத்தில் அழகாகத் தெரியும் பல பேச்சு அறைகளில் காற்றுப் போக்கு இல்லை. பத்தாவது நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை பேருக்கு எத்தனை அறை, முன்பதிவு செய்ய முடியுமா, ஒருவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பனவும் இங்கே முக்கியம். நாற்பது பேருக்கு இரண்டு அறைகள் என்றால், உங்கள் அந்த ஒரு மணி நேரம் மற்றவர்களின் அந்த ஒரு மணி நேரமாகவும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரே கண்டத்து வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்கள் ஒரே தீவில் கூடும்போது எல்லோருடைய கூட்டமும் ஒரே நேரத்தில்தான் வரும்.

நேர வேறுபாட்டில் புதிதாக வந்தவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். உங்கள் தீவு ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு (UTC) எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லண்டனில் காலை 10 மணிக்கு ஒரு மணி நேரக் கூட்டம் என்றால், கோடையில் அது உங்களுக்கு மாலை 5 மணியிலிருந்து 6 வரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடைக்கால நேரம் முடிந்து அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியதும் அதே கூட்டம் 6 மணியிலிருந்து 7 வரை ஆகிவிடும். உங்கள் தீவில் கடிகாரம் அசைவதில்லை. மாலை 6 மணிக்குக் கதவைப் பூட்டும் இடத்தில் ஜூலையில் ஆண்டுச் சந்தா கட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நியூயார்க் வாடிக்கையாளர் என்றால் அவர்களுடைய காலை 9 மணி, கோடையில் உங்கள் இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10. எனவே 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று எழுதியிருந்தால், இரவில் ஏசி ஓடுமா, ஆள் இருப்பாரா, பேச்சு அறைகள் திறந்திருக்குமா என்று கேளுங்கள். கதவுச் சாவி மட்டும் தருவதையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்குச் சூரியன் மறைந்துவிடும், அந்தியும் நீளாது. நள்ளிரவில் மழையில் விளக்கில்லாத சாலையில் ஸ்கூட்டர் ஓட்டித் திரும்ப வேண்டிய தொலைவில் இருக்கும் அருமையான இடத்தைவிட, நடந்து போகும் தொலைவில் இருக்கும் சுமாரான இடம் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

திறந்தவெளி இருக்கைகள் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: அவை ஓய்வுக்கு நல்லவை, வேலைக்கு அல்ல. ஆப்பிள் நிறுவனம் மேக்புக்குகளுக்குக் கூறும் இயங்கு வெப்பநிலை வரம்பு 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். நண்பகலில் வெயில் படும் மேசை அதைத் தாண்டிவிடும், லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இரவில் அல்ல, பகலில் கடிக்கிறது. அதிகாலையிலும் பொழுது சாயுமுன்னும் அதன் தொல்லை மிகுதி. தேங்கிய தண்ணீர் இருந்தால் அது பெருகப் போதும். அழகுக்காக வைத்த பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அந்த இடத்தை நடத்துபவர்களின் அக்கறையை அந்தத் தட்டே சொல்லிவிடும். மறுபக்கம், ஏசியை உறையும் அளவுக்கு வைக்கும் இடங்களும் உண்டு. அங்கிருந்து லேப்டாப்பை ஈரக்காற்றுக்கு எடுத்து வந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் வியர்க்கும். பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. நாற்காலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரண்டு மணி நேரம் அமர்ந்து பாருங்கள், முதுகு தீர்ப்புச் சொல்லும்.

சிலர் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். கோவொர்க்கிங் இடத்தில் உறுப்பினராவது அந்நாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. அது விசாவின் வேலை. பார்படோஸ், மொரீஷியஸ் போன்ற தீவு நாடுகள் 2020-ஆம் ஆண்டிலேயே தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கெனத் தனி விசாக்களை அறிமுகம் செய்தன. உங்கள் தீவில் என்ன விதி என்பதை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்திலேயே பாருங்கள். வரவேற்பு மேசையில் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பணம் கட்டும்போது, முதலில் ஒரு நாள் சீட்டு, பிறகு ஒரு வாரம், அதன் பின்னரே மாதம் என்று போங்கள். நேரக் கணக்கில் விற்கப்படும் சந்தாவில், மீதமிருக்கும் மணி நேரம் அடுத்த மாதத்துக்குச் சேருமா, மாதம் என்பது நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து முப்பது நாளா அல்லது நாட்காட்டி மாதமா, நடுவில் தீவை விட்டுப் போனால் நிறுத்தி வைக்கலாமா, இடத்தையே மூடிவிட்டால் முன்பணம் திரும்புமா என்பனவற்றை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் ரகசியத் தகவல்களைக் கையாள்பவர்கள், எல்லோருக்கும் ஒரே வைஃபை கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கும் இடத்தில் விபிஎன் (இணையப் போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் மென்பொருள்) இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். சிம் வாங்கும்போது, அந்தக் கோவொர்க்கிங் இடம் எந்த நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்துகிறதோ அதைத் தவிர்த்து வேறு நிறுவனத்தின் சிம்மாகப் பார்த்து வாங்குங்கள். அவர்களுடைய இணைப்பு விழும் நேரத்தில் உங்கள் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்து விழாமல் இருக்கும். வாங்கிய அன்றே, நீங்கள் அமரும் அதே மூலையில், ஹாட்ஸ்பாட்டில் நண்பர் ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் முகம் பார்த்துப் பேசிச் சோதித்துவிடுங்கள்.