புதுப்பிப்பு: தங்கைக்கு வந்த இணைய வேலையும் இப்போது கிடைத்துள்ள வேலையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் கைக்குழந்தையுடன் இருக்கும் என் தங்கையிடம், காணொலிகளுக்கு விருப்பம் தெரிவித்தாலே பணம் தருவதாக டெலிகிராமில் சிலர் கூறியது நம்பத்தக்கதா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தொடக்கத்தில் அவளுடைய கணக்கில் 30 ரிங்கிட் உண்மையாகவே சேர்ந்தது. ஆனால் மறுநாளே, அடுத்த பணியைத் திறக்க 300 ரிங்கிட் கட்ட வேண்டும் என்றார்கள்; கட்டச் சொன்ன கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தேடியபோது, ஏற்கெனவே புகார்கள் பதிவாகியிருந்தன. புகார் எதுவும் இல்லையென்று அத்தளம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் யாராவது புகார் செய்த எண்கள் மட்டுமே அதில் தெரியும். இந்தக் கும்பல்களோ கணக்குகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

பின்னர் சொக்சோ என்ற அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்து, ஈப்போவிலுள்ள கணக்கியல் அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ரசீதுகளைப் பதிவு செய்யும் வேலையைப் பெற்றாள். ஒரு காசுகூடக் கேட்காமல் நேர்காணல் நடத்தி நியமனக் கடிதம் கொடுத்தார்கள். சம்பளத்தில் பிடிக்கப்படும் 11 விழுக்காடும் முதலாளியின் பங்கும் அவளுடைய ஊழியர் சேமநிதிக் கணக்கில் சேர்வதைக் கைப்பேசியிலேயே பார்க்கிறாள். சம்பளம் குறைவுதான், ஆனாலும் எனக்கு நிம்மதி.

என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. மோசடிப் பணத்தைக் கைமாற்ற, இத்தகைய கும்பல்கள் தோட்டத்து இளைஞர்களிடம் வங்கி அட்டையை வாடகைக்குக் கேட்கின்றன. கொடுப்பது குற்றம், கொடுத்தவர்மீதே வழக்கு வரும். பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், அது வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள், தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள்.