முல்லைத்தீவுப் பயணம்: அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்று, ஏ9 சாலை வழியாகக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் என் தாயாருடன் செல்லவிருக்கிறேன். மதுரை ஆனையூரிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வாழும் எங்கள் குடும்ப நண்பரான பெரியவர் ஒருவர், போரின்போது விட்டு வந்த தம் வீட்டு மனையைப் பார்த்துவரும்படி கேட்டிருப்பதால், எங்களுக்கு இது வெறும் சுற்றுலா அன்று.

2009 மே மாதம் போர் முடிந்த பின்னரும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்ததால், பிரதான சாலையை விட்டு உட்புறம் செல்வது பற்றி அண்மையில் சென்றுவந்தவர்களின் சொல்லையே நம்ப விரும்புகிறேன். உள்ளூர்த் தமிழ் ஓட்டுநர் எங்கே கிடைப்பார்? முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் படமெடுப்பது உறவுகளை இழந்தவர்களைப் புண்படுத்துமா? அவர்களாகப் பேசும்வரை எதையும் கேட்காமலிருப்பதே முறை என்று எண்ணுகிறேன். அங்குள்ளவர்கள் அதை எவ்வாறு கருதுகிறார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.