வெளிநாட்டுத் தேயிலைக்குக் கதவைச் சாத்தலாமா?

ஹட்டிக்காரன் (கோத்தகிரி):
நாங்கள் பறித்து விற்கும் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி வாய் திறந்தாலே "உலகச் சந்தை அப்படி" என்கிறார்கள். அந்தச் சந்தையை வீட்டுக்குள் கூட்டிவந்தது யார்? 2000 மார்ச்சில் இலங்கையோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2010 ஜனவரியில் ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு ஒப்பந்தம். அதில் தேயிலை இறக்குமதி வரியை 100 சதவீதத்திலிருந்து படிப்படியாக 45க்கு இறக்கச் சம்மதித்தோம். மேடையில் தேசம், மண் என்று முழங்குகிறவர்கள் தேயிலைக்கு மட்டுமாவது கதவைச் சாத்தட்டும்.

குன்னூர் டஸ்ட்:
அண்ணே, கோபம் நியாயம்தான், கணக்குதான் பாதியில் நிற்கிறது. 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது நம் தூளை வாங்க ஆளில்லாமல் தவித்தோமே, அது இறக்குமதி கொடுத்த அடியா? நாம் விற்றுக்கொண்டிருந்த கதவு மூடியதால் விழுந்த அடி. நாம் சாத்தினால் அவனும் சாத்துவான். அப்புறம், மண் மண் என்கிறீர்களே, நீலகிரியில் முதலில் நட்ட தேயிலையே சீனாவிலிருந்து வந்த செடிதானே?

ஹட்டிக்காரன்:
செடியின் பூர்வீகத்தை யார் கேட்டது? உருளைக்கிழங்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், அதற்காக அது எங்கள் பயிர் இல்லையா? போன வாரம் இலை கொண்டுபோனேன். மழையே இல்லை, சாக்கு காய்ந்து கிடந்தது. தராசுக்காரர் "ஈரம்" என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கச் சொன்னார். தராசடியில் இப்படி நிற்கிறவனிடம் போய் உலகத்தோடு போட்டி போடு என்கிறீர்கள்.

குன்னூர் டஸ்ட்:
அந்த இரண்டு கிலோவைக் கழித்தது கொழும்புக்காரன் இல்லையே அண்ணே! இன்னொன்று, கோபிக்காதீர்கள். கத்தரி போட்டு முற்றிய இலையையும் சேர்த்து வெட்டினால் தூளும் அப்படித்தான் இருக்கும். அதற்கு எந்த வரியும் மருந்தில்லை.

ஹட்டிக்காரன்:
கையால் பறிக்க ஆள் எங்கே, கூலி எங்கே? விலை வந்தால் இரண்டு இலை ஒரு மொட்டு என்று தளிராகப் பறிப்பது தானாக வரும்.

கூடலூர்ப் பேத்தி:
நடுவில் வருகிறேன். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். பாட்டி அங்கே பறித்த அதே கையால் இங்கேயும் பறித்தார். எது நம் தேயிலை, எது அந்நியத் தேயிலை என்று அவரிடம் கேட்டால் சிரித்திருப்பார்.

ஆனால் ஹட்டிக்கார அண்ணன் பக்கமும் விஷயம் இருக்கிறது. மலிவான வெளித்தூளைக் கலந்து, பாக்கெட்டில் நம் மலையின் பெயரைப் போட்டால் அது வர்த்தகம் இல்லை, திருட்டு. ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு, இலையைச் சுருட்டிச் செய்யும் நீலகிரி ஆர்த்தோடக்ஸ் தேயிலைக்குத்தான். சிறு விவசாயியின் இலையில் பெரும்பகுதி, நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.சி. தூள் ஆகிறது, அதற்கு அந்தக் காவல் கிடையாது. தூள் வரட்டும், எந்த நாட்டுத் தூள் என்று பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடட்டும்.

ஹட்டிக்காரன்:
பெயர் விஷயத்தில் உன்னோடு நிற்கிறேன் தங்கச்சி. ஆனால் ஆசியான் வரியை 45க்குக் கீழே ஒரு சதவீதம்கூட இறங்க விடமாட்டேன். குன்னூர்த் தம்பி, அடுத்த இழையில் தராசைப் பற்றிப் பேசுவோம், தயாராக வா.