சமூக ஊடகம் இல்லாமல் தொழில் நடத்த முடியுமா? மூன்று வருடமாக நடத்துகிறேன்

பைண்டர்:
பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து, புது அட்டை போட்டுக் கொடுப்பது என் வேலை. தனி ஆள். மூன்று வருடத்துக்கு முன்பு தொழிலுக்கென வைத்திருந்த பக்கங்களையும் என் சொந்தக் கணக்குகளையும் ஒரே நாளில் மூடினேன். "ஆறு மாசத்துல தொழிலையே மூடிடுவே" என்று நெருங்கியவர்களே சொன்னார்கள். இன்றைக்குக் கையில் இரண்டு மாதத்துக்கான வேலை இருக்கிறது.

ஏன் மூடினேன் என்று சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் முதுகைப் பிரிக்கும் முன் பழைய பசையை ஈரப்படுத்தி, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். முந்தினாலும் தாள் கிழியும், பிந்தினாலும் தாள் நைந்துபோகும். அந்த இடைவெளியில் போனை எடுத்து, காலையில் போட்ட படத்துக்கு எத்தனை லைக் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நிமிர்ந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. முதல் பாரத்தின், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த முதல் கட்டின், தாள்கள் ஊறி நைந்துவிட்டன. உடையவருக்கு அவருடைய அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் அது. கையெழுத்து இருந்த பக்கம் பிழைத்தது, அடுத்த நான்கு பக்கம் பிழைக்கவில்லை. அதை அவரிடம் போய்ச் சொன்ன நாள்தான் நான் முடிவெடுத்த நாள்.

தனி ஆளாகத் தொழில் செய்பவர் யாராக இருந்தாலும் இதை விட்டுவிடலாம். வேலை நன்றாக இருந்தால் வேலையே பேசும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:
எனக்கு மறுப்பு இருக்கிறது அண்ணா. வேலை பேசும்தான், ஆனால் அதை யாராவது பார்க்க வேண்டாமா?

நான் குழந்தைகளுக்கு உடை தைத்து விற்கிறேன். கைக்குழந்தையை விட்டு நகர முடியாத நேரத்தில் ஆரம்பித்தது. கடை பிடிக்க முதல் கிடையாது, அறிமுகப்படுத்த ஆளும் கிடையாது. முதலில் வாங்கிய பத்துப் பேரில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து வந்தவர்கள். நீங்கள் மூடியபோது தொழிலுக்கு வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது? ஏறி முடித்தவர் ஏணி தேவையில்லை என்று சொல்லலாம். கீழே நிற்கிற என்னிடம் சொல்லாதீர்கள்.

பைண்டர்:
பதினொரு வருடம் ஆகியிருந்தது. உங்கள் கேள்வி நியாயமானதுதான், யோசிக்கிறேன்.

ஊசிமுனை:
பைண்டர் ஐயா சொல்வதற்குப் பெரிய சாட்சிகளே இருக்கிறார்களே. லஷ் அழகுப்பொருள் நிறுவனம் 2021 நவம்பர் 26 அன்று இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட் நான்கிலிருந்தும் வெளியேறியது. இன்ஸ்டாகிராம் வளரிளம் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல் பற்றி ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்த கொஞ்ச நாளில் எடுத்த முடிவு. பிரிட்டனில் நூற்றுக்கணக்கான மதுக்கூடங்கள் நடத்தும் வெதர்ஸ்பூன் 2018 ஏப்ரலிலேயே எல்லாப் பக்கங்களையும் மூடிவிட்டது. விலையுயர்ந்த பைகள் விற்கும் இத்தாலிய நிறுவனம் பொட்டேகா வெனெட்டா 2021 ஜனவரியில் மூடியது. யாரும் திவாலாகவில்லை.

வரவுசெலவு:
சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சாட்சிகள் இந்த வழக்குக்கு உதவ மாட்டார்கள். லஷ்ஷுக்கு நாடு நாடாகக் கடைகள் இருக்கின்றன. வாசலைக் கடந்து போகிறவர் எல்லோரும் அதற்கு விளம்பரம் பார்ப்பவர்கள்தான். அப்போதும் அது யூட்யூபையும் ட்விட்டரையும் விடவில்லை. அதன் பிரிட்டன் பிரிவு 2019-இலேயே ஒருமுறை விலகிப் பார்த்து, தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொட்டேகா தன் கணக்கை மூடினாலும் அதன் பையை மாட்டிக்கொண்டு படம் போடப் பிரபலங்கள் இருக்கிறார்கள். கத்தரிக்கோல் தங்கைக்கு இதில் எது இருக்கிறது?

பின்னிரவு:
தங்கைக்கு ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. எனக்கு நடந்தது. ஒரு தளத்தில் ஐந்து வருடம் சேர்த்த கணக்கு ஓர் இரவில் முடங்கியது. என்ன விதியை மீறினேன் என்று இன்றுவரை பதில் இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி நிரப்பி விரல் தேய்ந்தது. பணம் கட்டிவிட்டுப் பொருளுக்குக் காத்திருந்த ஏழு பேரின் முகவரி அந்த உரையாடல்களுக்குள்தான் இருந்தது. நான் ஏமாற்றிவிட்டேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். இப்போதும் அதுதான் உறுத்துகிறது. மற்ற நஷ்டத்தை மறந்துவிட்டேன்.

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டினால் இதுதான் கதி.

கத்தரிக்கோல்:
உங்களுக்கு நடந்ததைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. என்னிடமும் முகவரிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பதில், வாடிக்கையாளர் விவரத்தைத் தனியே எழுதி வைப்பதுதானே? தளத்தை விட்டே ஓடுவது எப்படிப் பதிலாகும்?

பைண்டர் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு ஆர்டர் எப்படி வருகிறது? போனிலா?

பைண்டர்:
போன், மின்னஞ்சல், வாட்ஸ்அப். கிழிந்த புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினால்தான் கூலி சொல்ல முடியும், அதற்கு வாட்ஸ்அப் வசதி.

கத்தரிக்கோல்:
வாட்ஸ்அப் 2014-இலிருந்து ஃபேஸ்புக்காரர்களுடையது. அப்படியென்றால் நீங்கள் எதை விட்டீர்கள்? இன்னொன்றும் உண்டு. நீங்கள் தைத்துக் கொடுத்த புத்தகத்தை வாங்கியவர்கள் படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுவார்களே, அதைப் பார்த்து உங்களிடம் வந்தவர்கள் எத்தனை பேர்?

ஊசிமுனை:
வாட்ஸ்அப்பையும் இதையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. அது தபால் மாதிரி. ஒருவரோடு பேசத் திறக்கிறோம், பேசியதும் மூடுகிறோம். படமும் பதிவுமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஊட்டம் (ஃபீட்) அங்கே முக்கியமில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவின் வருமானத்தில் நூற்றுக்கு 95-க்கும் மேல் விளம்பரத்திலிருந்து வருவது. நாம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தால்தான் அந்தக் காசு. பைண்டர் ஐயா ஓடி வந்தது அந்த ஊட்டத்திடமிருந்துதான்.

வரவுசெலவு:
தபால் என்றால் மின்னஞ்சலையும் பேசலாம். "மின்னஞ்சல் பட்டியல் நம் சொந்தச் சொத்து" என்பது அரை உண்மை. பட்டியல் நம்முடையது, போய்ச் சேருவது நம் கையில் இல்லை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. அனுப்புநர் யாரென்று தொழில்நுட்பரீதியாக உறுதிப்படுத்த வேண்டும். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு சேவை சரியில்லை என்றால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு சேவைக்குப் போகலாம். பின்தொடர்பவர்களை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பைண்டர்:
நேற்றுக் கேட்டதற்குப் பதில் சொல்ல வேலை நோட்டைப் புரட்டினேன். கடைசியாக வந்த முப்பது பேரை எண்ணினேன். பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள் 14. நூலகம் ஒன்றிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 5. கூகுளில் தேடி என் இணையதளத்துக்கு வந்தவர்கள் 5. மீதி 6 பேர், வேறொருவர் பக்கத்தில் போட்ட படத்தைப் பார்த்து வந்தவர்கள்.

ஐந்தில் ஒருவர். நான் இல்லாத இடத்தில் என் வாடிக்கையாளர்கள் எனக்காக வேலை பார்த்திருக்கிறார்கள். இதை எண்ணிப் பார்க்காமலே "யாராக இருந்தாலும் விட்டுவிடலாம்" என்று எழுதியது தப்பு தங்கை. பதினொரு வருடத்தில் சேர்ந்த பழக்கமும் பேரும் இருந்ததால் என்னால் முடிந்தது. தொடங்குகிறவருக்கு அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் நான் திரும்பிப் போக மாட்டேன். முதுகு ஊறும்போது இப்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஓரத்தை விரலால் தொட்டால் எப்போது விடும் என்று தெரிகிறது. மூன்று வருடத்தில் ஒரு தாள் போகவில்லை.

கத்தரிக்கோல்:
எண்ணிப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி அண்ணா. நானும் ஒன்றைச் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ரீல்ஸ் எடுத்தேன். மெஷினில் நூல் கோக்கும் காட்சி. வெளிச்சம் சரியில்லை என்று நான்கு தடவை கோத்தேன். இரவு எடிட் செய்யும்போதுதான் கேட்டது, பின்னால் என் பிள்ளை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எடுக்கும்போது அது என் காதில் விழவே இல்லை. அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டு வெளியிட்டேன். அந்த ரீல்ஸால் ஒன்பது ஆர்டர் வந்தது. அந்தக் காசு வீட்டுக்குத் தேவையாக இருந்தது. அதனால் "எல்லாவற்றையும் மூடு" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. மூட முடிந்தால் எப்போதோ மூடியிருப்பேன்.

அந்த நோட்டில் என்னென்ன எழுதுகிறீர்கள்?

பைண்டர்:
பேர், போன், முகவரி, என்ன புத்தகம், வந்த தேதி, யார் சொல்லி வந்தார். கடைசிக் கேள்வியைக் கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. சொல்ல யாருமே தயங்கவில்லை.

உங்களுக்கு இன்னொரு கட்டம் வேண்டும். குழந்தை பிறந்த மாதம். குழந்தைக்கு அளவு மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? எப்போது அடுத்த அளவு தேவைப்படும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினால் போதும், அதற்கு ரீல்ஸ் வேண்டியதில்லை.

பின்னிரவு:
நோட்டில் எழுதுங்கள் தங்கை, போனில் மட்டும் வைக்காதீர்கள்.

கத்தரிக்கோல்:
பிறந்த மாதம் எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை பேர் ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

பக்கத்தை மூட மாட்டேன். இன்று இரவு மூன்று பார்சல் கட்ட வேண்டியிருக்கிறது, மூன்று பேரிடமும் கேட்டு எழுதிவிடுகிறேன். பிள்ளை தூங்கட்டும்.