அயோவா காக்கஸ்: உங்கள் அனுபவம் என்ன?

டெமாய்ன் வாசி
2020 பிப்ரவரி 3, ஜனநாயகக் கட்சிக் காக்கஸ் (அதிபர் வேட்பாளராக யார் வேண்டும் என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடிச் சொல்லும் கூட்டம்), பள்ளிக்கூட ஜிம். அப்போதைய முறை இதுதான்: பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும், வந்தவர்களில் 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு பக்கம் சேரலாம். எங்கள் ஜிம்மில் 15 சதவீதம் என்றால் 30 பேர். ஏமி குளோபுச்சர் பக்கம் 28 பேர். பைடன் கூட்டமும் தேறவில்லை, அங்கிருந்து இரண்டு பேர் வந்தால் போதும். குளோபுச்சர் பக்கம் நின்ற ஒரு பாட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், "வாங்களேன், ரெண்டே பேர்தான்" என்று கேட்டார். யாரும் நகரவில்லை. பைடன் கூட்டத்தார் எல்லாரும் பட்டிஜெட்ஜ் என்ற இன்னொரு வேட்பாளர் பக்கம் போனார்கள். பாட்டி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊருக்கே தெரிய ஓட்டுப் போட வைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சீடார் ரேபிட்ஸ்
அண்ணா, அந்தப் பாட்டியின் ஓட்டு வீண் இல்லை. அந்த வருடம்தான் முதல் சுற்று எண்ணிக்கையையும், அதாவது கூட்டங்கள் கலைவதற்கு முந்தைய கணக்கையும், வெளியிட ஆரம்பித்தார்கள். கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள் யாருக்கு எத்தனை என்ற கணக்கு கடைசிச் சுற்றை வைத்து, அது வேறு. ரகசிய ஓட்டு வேண்டுமென்றால் குடியரசுக் கட்சிக்கு வாருங்கள்: பேச்சைக் கேட்டு, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டால் முடிந்தது. ஆனால் 2024 ஜனவரி 15, உறைய வைக்கும் குளிரில் போய் உட்கார்ந்திருக்கிறோம், பேச்சே முடியவில்லை, முன்வரிசைக்காரர் போனில் "டிரம்ப் வெற்றி" என்று செய்தி! சீட்டு இன்னும் கைக்கே வரவில்லை. பலர் கொதித்துப் போனார்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்
நீங்கள் இரண்டு பேரும் உள்ளேயாவது போனீர்கள். 2016-ல் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வருடம் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரிக்கும் சாண்டர்ஸுக்கும் வித்தியாசம் கால் சதவீதம்தான். வார்டில் டிவி பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாலை 7 மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் இருந்தால் அங்கேயே கட்சியில் பதிந்துகொள்ளலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம், கூட்டிப் போங்கள். கிரீன் கார்டுக்காரர்கள் வேடிக்கை மட்டும் பார்க்கலாம், தயவுசெய்து எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் குடியுரிமைக்குப் பெரிய சிக்கல். ஜனநாயகக் கட்சி 2024-ல் தபால் சீட்டு கொடுத்தது, முடிவு மார்ச் 5-ல் வந்தது. எங்களைப் போன்ற ஷிப்ட்காரர்களுக்கு அதுதான் சரி. டெமாய்ன் அண்ணா, அந்தப் பாட்டிக்கும் அதுதான் வசதியாக இருந்திருக்கும்.